கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தனி வளர்ப்பா?

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. சென்னிமலையில் தம்பி வீட்டு வாசலில் அம்மா ஏழு புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நேர்ப்புள்ளி. நடுவில் ஏழு, மேலே ஐந்து, மூன்று, ஒன்று, கீழேயும் அதேபோல். ஒன்பது வயது முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்த தம்பி மகள், ஆத்தாவின் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வெகுநேரம் பார்த்தவள், "அத்தை, இது ஒரு கோலமில்ல, ரெண்டு" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"மொத்தம் இருவத்தஞ்சு புள்ளி. பெருசு நாலு நாலாப் பதினாறு. அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கறது மூணு மூணா ஒம்பது."

இறங்கிவந்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். கோலத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு சதுரங்கள்! இருபத்தேழு வருடம் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், நாற்பது வருடம் கோலம் போட்டிருக்கிறேன். ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. "அப்ப ஒம்பது புள்ளி வெச்சா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருவத்தஞ்சும் பதினாறும், நாப்பத்தி ஒண்ணு" என்றாள்.

அன்று சாயங்காலம் பல்லாங்குழியில் அண்ணனிடம் தோற்றாள். சோழிகளை வாசல்வரை விசிறியடித்துவிட்டு முக்கால் மணி நேரம் அழுதாள்.

இந்த இரண்டு காட்சியையும் சேர்த்து வைத்துத்தான் எதையும் யோசிக்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. கணக்கில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அழுகையில் ஆறு. பேனா பிடித்து எழுதுவதில் ஒன்பதுகூட இல்லை. எழுத்து இன்னும் கோணல்மாணல்தான். எல்லா வயதும் ஒட்டுக்கா வளராத பிள்ளைகள் இவர்கள்.

பொங்கல் நோம்பிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது தம்பி கேட்டான்: "அக்கா, இவள மத்த புள்ளைக மாதிரியே வளத்தறதா, இல்ல வேற மாதிரி வளத்தணுமா? எனக்கு ஒண்ணும் புடிபடல." எட்டுத் தறி ஓட்டுகிறவன். அவன் சும்மா கேட்கவில்லை. அவள் படிக்கும் பள்ளியில், அடுத்த வருடம் ஐந்தையும் ஆறையும் தாண்டி நேரே ஏழாவதில் உட்கார வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து, ஆறாவதிலிருந்தே மருத்துவப் படிப்புக்கான பவுண்டேஷன் வகுப்பில் சேர்க்கச் சொல்லி ஆள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். தம்பி மனைவி தானே ஒரு கால அட்டவணை போட்டு அபாகஸ், செஸ், இந்தி என்று ஆரம்பித்திருந்தாள். சித்தப்பாவோ, "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்கண்ணு. ஜி.டி. நாயுடு எந்தக் கோச்சிங் போனாரு? புத்தி இருந்தா தானா மேல வரும்" என்று முடித்துவிட்டார்.

ஆக நாலு வழி. ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தோம். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை.

அவளை ஐ.க்யூ. சோதனைக்கு நாங்கள் கூட்டிப்போகவில்லை. கோவையில் உளவியலாளர்கள் முறையாகச் செய்கிறார்கள். பினே–காமத், மாலின் அளவுகோல் இரண்டும் நம் நாட்டுப் பிள்ளைகளுக்காக மாற்றி அமைத்தவை. 130-க்கு மேல் வந்தால் நூற்றில் இரண்டு பேரில் ஒருவர் என்று பொருள். பிள்ளை வகுப்பில் ஒடுங்கிப்போகிறது, அல்லது வாயால் பளிச்சென்று சொல்வதை எழுத வரவில்லை என்றால் அவசியம் போங்கள், அது உதவும். பெருமைக்காகப் போகவேண்டியதில்லை. அமெரிக்காவில் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-ல் தொடங்கிச் சுமார் 1,500 கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சோதித்துப் பொறுக்கியெடுத்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அவர்களில் ஒருவரும் நோபல் பரிசு வாங்கவில்லை. மதிப்பெண் போதாதென்று அந்தச் சோதனையில் கழிக்கப்பட்ட ஷாக்லியும் அல்வாரெஸும் பின்னாளில் இயற்பியலில் வாங்கினார்கள். விரல் ரேகையை வைத்து மூளையை அளந்து தருகிறோம், கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கிறோம் என்று நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் நடக்கும் முகாம்களுக்கு எந்த அறிவியல் அடிப்படையும் கிடையாது. அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்குங்கள்.

சித்தப்பா சொன்ன வழியிலிருந்து தொடங்குகிறேன். அதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்து, பின்னாளில் கோவையின் பெரிய கண்டுபிடிப்பாளர் ஆன நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்தான். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்குவதற்காகவே கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, வாங்கியதும் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தவர் அவர். தனக்கு வேண்டிய கடினமான பாடத்தை அவரே தேடிப் போனார். எல்லாப் பிள்ளையும் அப்படிப் போவதில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். பத்தாவது வரை நோட்டே எடுக்காமல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய ஒரு பையன், பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முதல் தேர்வில் முப்பத்தெட்டு வாங்கினான். அவனுக்குப் புத்தி குறைந்துவிடவில்லை. தெரியாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்து முட்டி மோதிப் பழக்கமே இல்லாமல் போயிருந்தது. தனக்கு மூளை இவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டான். பத்து வருடம் சுலபமாகவே போனதற்கு அவன் கொடுத்த விலை அது. சும்மா விடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் செலவு உண்டு என்று சித்தப்பாவிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டார்.

அடுத்து வகுப்புத் தாண்டுவது. அந்தக் காலத்தில் டபுள் புரமோஷன் என்பார்கள். இதைப் பற்றி எனக்கு முதலில் இருந்த பயம் தப்பு என்பதைச் சொல்லியாக வேண்டும். வயதில் மூத்தவர்களோடு உட்கார்ந்தால் பிள்ளை மனம் ஒடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் தொடங்கிய ஆய்வு, கணக்கில் முந்திய பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வேகமாகப் படிக்கவிட்ட பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே இருந்தார்கள், மனநலமும் கெட்டுவிடவில்லை. ஆகவே வகுப்புத் தாண்டுவதே பாவம் என்று சொல்லமாட்டேன்.

இவளுக்கு ஏன் வேண்டாம் என்றேன்? முதல் காரணம் வெறும் கணக்கு. நீட் தேர்வுக்கு, கல்லூரியில் சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். டிசம்பரில் பிறந்த இவள் இரண்டு வகுப்பு தாண்டினால் பிளஸ் டூ முடிக்கும் வருடக் கடைசியில் 16தான் முடிந்திருக்கும். ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். ஒரு வகுப்பு மட்டும் தாண்டினால் அந்தச் சிக்கல் இல்லை. டாக்டர் ஆக்கவேண்டும் என்ற கனவில் இருந்த தம்பி மனைவிக்கு இதைப் பள்ளியில் யாரும் சொல்லவே இல்லை.

இரண்டாவது காரணம் எழுத்து. ஏழாம் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். இவள் கை அதற்குத் தயாரில்லை. கூட உட்காரப் போகும் பெண்களில் பலர் வயதுக்கு வந்திருப்பார்கள். அவர்கள் பேச்சு வேறு, சிரிப்பு வேறு. பல்லாங்குழியில் தோற்று அழுகிறவள் அந்தப் பெஞ்சில் என்ன செய்வாள்?

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய காரணம். வகுப்பைத் தாண்டினால் இடம்தான் மாறும், வேகம் மாறாது. ஏழாம் வகுப்புக் கணக்கை மூன்று மாதத்தில் முடித்துவிட்டு மறுபடியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் வளர்ந்த கணித மேதை டெரன்ஸ் டாவோவுக்கு வீட்டில் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. எட்டு வயதில் கணக்கு வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி. மற்றவற்றுக்கு அவனுக்கு ஏற்ற வேறு வகுப்பு. பாடத்துக்குப் பாடம் வேறு படி. உலகக் கணித ஒலிம்பியாடில் 1986, 1987, 1988 ஆகிய மூன்று வருடமும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று வாங்கிய பிள்ளையை, முழுநேரமாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப 14 வயது வரை பொறுத்திருந்தார்கள். 2006-ல் கணிதத்தின் நோபல் என்று சொல்லப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கம். அவசரப்படாததால் அவர் எதையும் இழந்துவிடவில்லை.

விடுதிப் பள்ளி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பள்ளிகளால் மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் டாக்டர் ஆகியிருக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களிலேயே இருக்கிறார்கள், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த முறை நின்றது திரும்பத் திரும்ப எழுதவைப்பதில். பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைக் கைகழுவிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே ஓட்டியதால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஒருமுறை பார்த்ததும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதையே முப்பது முறை எழுதச் சொல்வது தண்டனை. பத்து வயதில் வீட்டைவிட்டு அனுப்புவதை நினைத்தாலே எனக்கு வெசனம். இது வேண்டாமென்று அன்றைக்கே முடிவானது.

நாலாவது வழிதான் கஷ்டமான பேச்சு. ஏனென்றால் அது தம்பி மனைவியின் அன்பு. "அண்ணி, வாய்ப்ப விட்டுட்டு, நாளைக்கு அவளே கேட்டா நாம என்னத்தச் சொல்றது?" என்று கண் கலங்கக் கேட்டாள். பனியன் கம்பெனிக்குப் போவதற்காகப் பத்தாவதோடு படிப்பை நிறுத்தப்பட்டவள். அவள் பயம் நியாயமானது. அதனால் நோகாமல் சொல்ல வேண்டியிருந்தது.

நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணித மேதையின் கதையைச் சொன்னேன். 18 வயதில் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்பாவே ஆசிரியர். பாடத்தில் ஒரு தப்பு விட்டால் அப்பாவின் குரல் மாறிவிடும். பாடம் முடியும்போது பல நாள் அழுகைதான். அதைவிட ஒன்று அவரை ஆழமாகத் தைத்தது. பையனிடம் தனித் திறமை ஒன்றுமில்லை, எல்லாம் என் பயிற்சி என்று அப்பா ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். ஜெயித்தால் அப்பாவின் பெருமை, தோற்றால் தன் குற்றம் என்றுதான் அந்தப் பையனுக்குப் பட்டது. அதே காலத்தில் ஹார்வர்டில் 11 வயதில் சேர்ந்த சைடிஸ் என்ற இன்னொரு பையனையும் பெற்றோர் ஊருக்கே காட்டி வளர்த்தார்கள். வளர்ந்ததும் அவர் கணக்கையே விட்டுவிட்டுச் சின்னச் சின்னக் குமாஸ்தா வேலைகளில் ஒளிந்துகொண்டார். 1944-ல் 46 வயதில் இறந்தார். வீனர் பெரிய விஞ்ஞானி ஆனார், உண்மைதான். ஆனாலும் அந்த வீட்டில் பிள்ளையாக இருந்திருக்க எனக்கு ஆசையில்லை.

தம்பி மனைவியிடம் இன்னொன்றும் சொன்னேன். எங்கள் உறவில் எல்லோரும் இவளை "ஈரோட்டு ராமானுஜம்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தவர் என்பதில் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். கணக்கைத் தவிர வேறெதையும் தொடாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னையில் எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்விலும் தோற்றார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டார். அவர் வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. வெகுகாலம் இல்லாமல் இருந்தது, அவர் போட்டது என்ன கணக்கு என்று புரிந்துகொள்ளும் ஒரு பெரியவர். 1912-ல் துறைமுக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபின், மேலதிகாரி நாராயண ஐயர் பக்கத்தில் சிலேட்டோடு உட்கார்ந்தார். அதற்கு அடுத்த வருடம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வந்தது. வளர்ப்பு வேறு, தீனி வேறு. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வளர்ப்பில் இவளுக்குத் தனிச் சட்டம் கிடையாது. சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும், பெரியவர்களை எதிர்த்துக் கத்தக் கூடாது, தோற்றாலும் சோழியைப் பொறுக்கி எடுத்துவைக்க வேண்டும். தீனி மட்டும் வேறு, அதுவும் அவள் ஓடுகிற ஒரு பாடத்தில் மட்டும்.

வளர்ப்பில் ஒரே ஒரு இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்: புகழ்ச்சி. 1998-ல் மூல்லர், ட்வெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு சுலபமான புதிர்களையே தேடினார்கள், கடினமான ஒன்றில் தோற்றதும் சோர்ந்தார்கள், வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே, பாவம். அன்றிலிருந்து வீட்டில் யாரும் ராமானுஜம் என்று கூப்பிடக் கூடாது என்று நானே அக்காவாக ஒரு உத்தரவு போட்டேன். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் அம்மிணி என்று கூப்பிடுங்கள், போதும்.

அந்த உத்தரவுக்கு இன்னொரு காரணம் பெரியவன். அவளைவிட மூன்று வயது மூத்தவன். சராசரி மார்க். உறம்பரை வந்தால் தங்கச்சியைக் கூப்பிட்டுப் பெருக்கல் கேட்பார்கள். அவன் மெல்ல எழுந்து தறிப் பட்டறைக்குப் போய்விடுவான். அரையாண்டு ரேங்க் கார்டை இரண்டு வாரம் பைக்குள்ளேயே வைத்திருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது. கெட்டிக்காரப் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதே வீட்டில் வளரும் இன்னொரு பிள்ளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. இவளுக்குத் தனி அறை, தனிச் செலவு, வேலையிலிருந்து விலக்கு என்று கொடுத்தால் அதன் கடனை அவன்தான் கட்டுவான்.

இன்னொன்றையும் வீட்டில் வெளிப்படையாகவே பேசினோம். நல்ல வேளையாகத் தம்பி அப்படிப்பட்டவனில்லை. ஆனால் "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இத்தன யோசன" என்று உறவில் ஒருவர் சொன்னார். இதே கோலத்தைப் பெரியவன் கண்டுபிடித்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்குமா?

பள்ளியில் போய்க் கேட்டோம்: வகுப்பு மாற்ற வேண்டாம், கணக்குப் பாடவேளையில் மட்டும் அவளுக்குத் தனிக் கணக்குக் கொடுங்கள். ஒருத்திக்குச் செய்தால் மற்ற பெற்றோர் கேட்பார்கள் என்று முதலில் மறுத்துவிட்டார்கள். இரண்டு வகுப்பு தாண்ட வைக்கத் தயாராக இருந்தவர்கள் ஒரு நோட்டுக்குத் தயங்கியது எனக்கு வருத்தம்தான். வகுப்பு ஆசிரியை நல்லவர். வகுப்புக் கணக்கை முடித்துவிட்டால் அவள் பையிலிருக்கும் இன்னொரு நோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். அந்த நோட்டில் நான் எழுதித் தருவது வாரத்துக்கு ஒரே ஒரு கேள்விதான். அதே கணக்கை இன்னும் இருபது கொடுப்பதில் பிரயோஜனமில்லை. அபாகஸை நிறுத்தியாயிற்று, அது கைவேகம், இவளுக்கு வேண்டியது அதுவல்ல. செஸ்ஸை அவளே கேட்டு வைத்துக்கொண்டாள். துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு இருவரையும் கூட்டிப்போய் ஆளுக்குச் சமமாகப் பணம் கொடுப்பதாகப் பேச்சு. பத்து வயது முடிந்தால் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் சேரலாம். அப்போதும் ஆர்வம் இருந்தால் பார்க்கலாம். ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குத்தான் போகிறாள். ஒரு வருடம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுவோம். அப்போது ஒரு வகுப்பு தாண்டுவது சரியென்று பட்டால் அதையும் செய்வோம்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வருகிறார்கள். பங்குனியில் ஒரு நாள் ஊடுபுள்ளிக் கோலத்தைக் கொடுத்தேன். நடுவில் ஏழு, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு. மொத்தம் 37. ஐந்து புள்ளி வைத்தால் 19, மூன்று வைத்தால் 7, ஒன்று வைத்தால் 1. அவளே வரிசையாக எழுதி, அவளே கூட்டிக்கொண்டே போனாள். 1, 8, 27, 64. "அத்தை! இது ரெண்டு ரெண்டா ரெண்டு தரம், மூணு மூணா மூணு தரம்! ஏன் இப்படி வருது?"

"தெரியலயே. நீ சொல்லு."

மூன்று வாரமாக வரவில்லை விடை. முதல் வாரம் நோட்டைத் தூக்கி எறிந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே போய் எடுத்துவந்தாள். இரண்டாவது வாரம் வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள், ஆனால் வந்தாள். போன சனிக்கிழமை பெரியவன் ஒரு மஞ்சப்பையோடு வந்தான். பட்டறையில் கிடந்த ரீப்பர் கட்டையை ஒரே அளவாக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, அறுபத்துநாலு கட்டை செய்திருந்தான். "இவ பேப்பர்ல போட்டுப் போட்டு அழுவறா அத்தை. கையில வெச்சுப் பாத்தா புடிபடுமோன்னு..." என்றான். திண்ணையில் கொட்டி இருவரும் அடுக்க ஆரம்பித்தார்கள். இருட்டும் வரைக்கும் பிடிபடவில்லை. கட்டைகளை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அடுத்த சனிக்கிழமைக்கு.